ஏரிக்கரையில் நின்ற கார்

வடகோடிக் குளிர்நாட்டுக் கிராமமான ஹன்ஹிவாராவின் ஜனங்கள் வருஷத்தில் பதினோரு மாதம் நல்லவர்கள். மார்ச்சில் ஏரி கல்லாக உறைந்து கிடக்கும்போது பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனால், பக்கத்துத் துளைக்காரனுக்கு முதல் கோப்பைக் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் குடிப்பார்கள். ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து பனிமேல் கலைமான் தோலை விரித்து, குச்சியில் குத்திய சாசேஜைத் தீயில் வாட்டி, பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, வெயிலில் மூக்கு சிவந்து வீடு திரும்புவார்கள். அக்டோபரில் மூஸ் மான் வேட்டை. ஒருவன் சுட்டதை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சமிருக்கிற அந்த ஒரு மாதம், ஜூலைக் கடைசியில் ஹில்லா பழுக்கத் தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் நடுவில் தீருகிற வரைக்கும், ஒருவர் வாயிலும் உண்மை வராது.

ஹில்லா சதுப்பில் விளைகிற பழம். தரையோடு தரையாக ஒரு தண்டு, தண்டுக்கு ஒரே ஒரு பழம். காயாக இருக்கையில் சிவப்பாக இருந்து, கனிந்தால் தேன் நிறத்துக்கு வரும். ஒரு வாளி நிறைய ஆயிரம் தடவைக்கு மேல் குனிய வேண்டும். ஜூனில் ஒரு நாள் உறைபனி விழுந்தால் அந்த வருஷம் ஒன்றும் கிடையாது. அதனால் நல்ல இடம் கண்டவன் அதை யாரிடமும் சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்வதில்லை, மாமனார் மருமகனுக்குச் சொல்வதில்லை.

தைஸ்தோவும் சாய்மியும் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கொக்குச் சதுப்பின் நடுவில் பைன் மரங்கள் நிற்கிற மேடு ஒன்று உண்டு. அதற்குப் பின்பக்கம். ஆனால் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள். நாலு கிலோமீட்டர் இந்தப் பக்கம், நெட்டை ஏரிக் கரையில் படகுத் துறையில் நிறுத்துவார்கள். பின் கண்ணாடி வழியே நன்றாகத் தெரிகிற மாதிரி தூண்டில் இரண்டைச் சாய்த்து வைப்பார்கள். அப்புறம் வாளியைத் துணியில் சுற்றிக்கொண்டு, மலை முகட்டைச் சுற்றி, சுவடு பதியாத பாறையாகப் பார்த்து மிதித்து நடப்பார்கள். சதுப்புக்குள் போனபின் வாய் திறந்து கூப்பிடுவது கிடையாது. ஒருவர் இருக்கிற இடம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டுமென்றால் மெதுவாக ஒரு சீட்டி. முப்பத்துநாலு வருஷத்தில் அந்தச் சதுப்பில் சாய்மி புருஷனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

அடுத்த வீட்டு ஒய்வா தைஸ்தோவின் வேட்டைக் கூட்டாளி. ஒருவன் வீட்டு விறகை இன்னொருவன் பிளந்து கொடுக்கிற அளவுக்குச் சிநேகிதம். ஹில்லாக் காலத்தில் விடிகாலை ரோட்டில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் மட்டும் பேச்சு இப்படி இருக்கும்.

"என்ன தைஸ்தோ, எங்க கெளம்பிட்ட?"

"மீன் புடிக்க. நீ?"

"நானும் மீனுக்குத்தான்."

இரண்டு பேர் கையிலும் பத்து லிட்டர் வாளி இருக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள்.

அந்த வருஷம் மே மாதத்தில் சாய்மிக்கு இடுப்பில் ஆபரேஷன். ஜூலையிலும் இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் அடுப்பங்கரைக்குக்கூடப் போக முடியவில்லை. தைஸ்தோ முதல் முறையாகத் தனியாகக் கிளம்பினான். விடிகாலை நாலு மணிக்கே சூரியன் உயரத்தில் நின்றது. அன்றைக்குக் காய்ச்சி எடுக்கப் போகிறது என்று அப்போதே தெரிந்தது. சாய்மி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கருப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, உப்புப் போட்ட மீனை நடுவில் வைத்துக் காகிதத்தில் மடித்தாள்.

"மாத்திரை எடுத்துக்கிட்டியா?"

"சட்டப் பையில இருக்கு."

"காட்டு."

அவன் காட்டினான். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. போன குளிர்காலத்திலிருந்து அது இல்லாமல் அவனை அவள் எங்கேயும் விடுவதில்லை.

"பதினோரு மணிக்குக் காபி போட்டு வைப்பேன். வந்துரணும்."

"வாளி ரெண்டும் ரொம்பினா வந்துருவேன்."

"இர்மெலியக் கூட்டிட்டுப் போயேன். உம் மக சும்மாதான லீவுல வந்து தூங்குறா."

தைஸ்தோ ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சிரித்தான். "அவளா? ஒரு கொசு கடிச்சா, டாம்பரேல அவ வேலை பாக்குற எடம் வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவா. அப்புறம் சத்தத்தக் கேட்டு ஒய்வா வாளியோட வந்து எறங்கிடுவான்."

"சின்னப் புள்ளையில கத்துனா. இப்ப அவளுக்கு முப்பத்தொண்ணு. எப்பத்தான் எடத்தக் காட்டப் போற?"

"காட்டலாம், காட்டலாம். அடுத்த வருஷம் உன் இடுப்பு சரியாகட்டும். மூணு பேருமா போவோம். சாசேஜ் எடுத்துக்குவோம். போதுமா?"

கார் சத்தம் வளைவில் தேயும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குக் காபி போட்டாள். பன்னிரண்டு மணிக்கு அது ஆறிப்போய், கீழே ஊற்றிவிட்டு மறுபடி போட்டாள். வெயில் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இர்மெலி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், பதற்றத்தை முகத்தில் காட்டாமல் பழகியவள். இன்றைக்கு அவளால் முடியவில்லை.

"அம்மா, அப்பா எங்க போனாருன்னு சொல்லு."

"ஏரிக்குத்தான்."

"ஏரியில எங்க?"

"வருவாருடி. உங்கப்பா என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காரு?"

இர்மெலி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒய்வா வீட்டுக்குப் போனாள்.

ஒய்வா தன் காரில் படகுத் துறைவரை போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வந்தான். பெரிய உடம்பு. சமையலறை வாசலில் குனிந்துதான் நுழைவான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாய்மி காபி ஊற்றினாள். 

"கார் நிக்குது. படகு கட்டினபடியே இருக்கு. ஆளு தண்ணியில எறங்கல," என்றான் ஒய்வா. "சாய்மி, எந்தப் பக்கம் போயிருப்பான்?"

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பது ஒய்வா. ஊரில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாளோ என்னவோ. இப்போது சொல்லி, அரைமணியில் தைஸ்தோ இரண்டு வாளியோடு வந்து நின்றால்? அவன் ஒன்றும் திட்ட மாட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருப்பான். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பார்க்கலாம், நல்ல காய்ப்பாக இருக்கும், அதுதான் நேரமாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"கரையோரமாக் கெழக்க போறேன்னான்."

"கெழக்கயா?"

"ஆமா."

ஒய்வா கோப்பையைத் தட்டிலேயே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். "தூண்டில் ரெண்டும் காருக்குள்ளதான் இருக்கு, சாய்மி."

"இன்னொண்ணு இருக்கு. புதுசு."

"கெழக்க மட்டும்தானா? வேற எங்கயாச்சும் பாக்கணும்னா சொல்லு. நீ சொன்னா போயிப் பாக்குறேன்."

அவன் அவளுடைய கண்ணைப் பார்த்துக் கேட்டான். அவள் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தபடி, "கெழக்கதான்," என்றாள்.

ஒய்வா இரண்டாவது கோப்பையையும் வாங்கிக் குடித்தான். அப்படி உட்கார்ந்து குடிக்க அது நேரமில்லை. பிறகு எழுந்துபோய் வேட்டைச் சங்கத்துக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். பதினோரு பேர் வந்தார்கள். டவுனிலிருந்து ஒரு போலீஸ்காரனும் வந்தான். மானை வளைக்கிற மாதிரி கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக வரிசை கட்டி, கிழக்குக் கரையை அடி அடியாகச் சலித்தார்கள். இர்மெலியும் கூடப் போனாள்.

சாய்மி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி அடித்தது. மூன்று மணி அடித்தது. தூரத்தில் ஆட்கள் தைஸ்தோ பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. அவன் இருக்கிற இடத்தைவிட்டு அந்தச் சத்தம் விலகிப் போகிறது என்று உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்தாள். ஊன்றுகோலை எடுத்து வாசற்படிவரை நடந்தாள். திரும்பி வந்தாள்.  அப்போதும் அந்த வளைவில் கார் சத்தம் கேட்டுவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளே தவிர, போனை எடுக்கவில்லை.

நாலு மணிக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. இர்மெலி நனைந்து, முள் கீறின கையோடு உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே ஒய்வா வந்து, கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றான். இர்மெலி துண்டை எடுக்க அலமாரிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, வாளி எங்க?"

சாய்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு வெள்ள வாளி. நேத்து ராத்திரி இங்கதான் இருந்துச்சு. நான்தான் கழுவி வச்சேன். மீன் புடிக்க எதுக்கும்மா ரெண்டு வாளி?"

"இர்மெலி..."

"மூணு மணி நேரம்! மூணு மணி நேரமா அந்தக் காட்டுல தொண்டை கிழியக் கத்திட்டு வர்றோம். நீ இங்க உக்காந்துட்டு... ஒரு பழத்துக்காகவா? அப்பாவவிடப் பழமா பெருசு ஒனக்கு?"

சாய்மிக்கு அழுகை வரவில்லை.  மகளைப் பார்க்க முடியாமல் ஒய்வாவைப் பார்த்து, "கொக்குச் சதுப்பு," என்றாள்.

ஒய்வா அடுத்த நொடியே திரும்பி ஓடினான். அந்த உடம்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. காரும் கிளம்பிவிட்டது. இர்மெலி பின்னாலேயே ஓடி மழையில் நின்றாள்.

கொக்குச் சதுப்பு ஏழு கிலோமீட்டர் நீளம். நடுவில் ஐந்தாறு மேடு. எந்த மேடு, எந்தப் பக்கமாக இறங்குவது என்று ஒய்வா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கார் சத்தம் தேய்ந்த பிறகுதான் சாய்மிக்கு அது உறைத்தது.

ஐந்தரை மணிக்கு மழை விட்டு வெயில் வந்தது. கார்கள் வந்து நின்றன. ஒய்வா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் இன்னொரு கையில் ஒரு வெள்ளை வாளி இருந்தது. பாசி வைத்து மூடி, சட்டையால் கட்டியிருந்தது. வாளி நிறையப் பழம்.

ஓடையைத் தாண்டப் போட்டிருந்த மரத்துண்டு வழுக்கி, தைஸ்தோவின் கால் முறிந்திருக்கிறது. நாற்பது ஐம்பது அடி தவழ்ந்து மேட்டுக்கு ஏறி, பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மாத்திரை டப்பா காலி. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் ரொம்ப நேரம் ஆகவில்லை, மூன்று மணி வாக்கில் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைச் சாய்மிக்காக இரண்டாம் தடவையும் சொன்னார்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்ச் கூடத்தில் காபி கொடுத்தபோது, சாய்மி அந்த வாளிப் பழத்தைத்தான் சுட்ட பாலாடைக்கட்டிமேல் வைத்துப் பரிமாறச் சொன்னாள். ஹன்ஹிவாராவில் யார் வீட்டில் ஹில்லா வைத்தாலும், "ஏயப்பா, எந்தப் பக்கத்துப் பழம்?" என்று ஒருவன் கேட்பதும், "கடைப் பக்கத்துப் பழம்," என்று வீட்டுக்காரன் சொல்வதும் எல்லோரும் சிரிப்பதும் வழக்கம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து தின்றார்கள். ஒய்வா தட்டைத் தொடவில்லை. அவன் பெண்டாட்டி ஹெல்வி அவனுடைய தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

இர்மெலி லீவை நீட்டித்து மூன்று வாரம் இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டினாள், சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு வைத்தாள், வேளைக்கு மாத்திரை கொடுத்தாள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. பஸ் ஏறும்போது, "நான் கத்தினத மனசுல வச்சுக்காத," என்றாள். "நீ கத்தினது சரிதான்," என்றாள் சாய்மி. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனாலும் அது தீர்ந்துபோகவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபரில் முதல் மூஸ் மான் விழுந்ததும், தைஸ்தோவின் பங்கை ஒய்வா கொண்டுவந்தான். சங்கத்தில் செத்தவனுக்கு அந்த வருஷத்துப் பங்கு உண்டு. கறியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். சாய்மி அதற்குள் ஒற்றை ஊன்றுகோலுக்கு வந்திருந்தாள். உட்காரச் சொல்லிக் காபி வைத்தாள்.

"எனக்கு அந்த எடம் தெரியும்," என்றான் ஒய்வா.

"தெரியும்னு எனக்குத் தெரியும். நீ வழி கேக்காமப் போனியே."

"பதினேழு வருஷமாத் தெரியும். ஒரு தடவ உங்க பின்னாலயே வந்தேன். திருட்டுப் பய மாதிரி புதருக்குள்ள உக்காந்து பாத்தேன். நீ தலையில சிவப்புத் துணி கட்டியிருந்த. நீங்க போனப்புறம் ஒரே ஒரு பழம் பறிச்சுத் தின்னேன். அதோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல."

"ஏன் போகல?"

"தைஸ்தோ எடம்ல."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஒய்வா தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னைக்கு நீ கெழக்கன்னு சொன்னப்பவே பொய்யின்னு தெரியும். நானாப் போயிருக்கலாம். போனா, எனக்கு எடம் தெரியும்ங்கறது வெளிய வந்துரும். தைஸ்தோ சும்மா கால வழுக்கி உக்காந்திருந்தான்னா, என் மூஞ்சியப் பாத்ததும் என்ன நெனப்பான்? அதான், நீயே சொல்லிடுவேன்னு பாத்தேன். ரெண்டாவது காபி வேணாம்னுதான் இருந்துச்சு. நீ சொல்ல நேரம் குடுக்கணும்னு குடிச்சேன்."

"நான் சொல்லல."

"நீ சொல்லல. நானும் சொல்லல." அவன் குரல் உடைந்தது. "பக்கத்துல நெருப்பு போட்டிருந்தான், சாய்மி. பச்சைக் கெளைய வச்சுப் புகை கெளப்பியிருக்கான். மழையில அணைஞ்சுபோச்சு. கைய வச்சுப் பாத்தேன். அடிச் சாம்பல் சூடா இருந்துச்சு. நாம காபி குடிச்சப்ப அவன் உசுரோடதான் இருந்திருக்கான். டாக்டர்கிட்டக்கூட நான் சொல்லல."

 அவன் அந்தச் சூட்டை மூன்று மாதம் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நீ வழி கேக்காம ஓடினதுலருந்து ஒன்ன வெறுத்தேன், ஒய்வா. ஒவ்வொரு நாளும். இவனுக்குத் தெரிஞ்சும் என் வீட்டுல உக்காந்து காபி குடிச்சானேன்னு. ஒன்ன வெறுத்து முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, காபி ஊத்திக் குடுத்தவ நானு."

"இர்மெலிக்குச் சொல்லப் போறியா?"

"சொல்லித்தான் ஆகணும். இதுக்கு மேலயும் ஒளிக்க எங்கிட்ட தெம்பு இல்ல."

அன்றைக்கு மாலையே டாம்பரேக்குப் போன் போட்டுச் சாம்பல் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் இர்மெலி அழுதாள், திட்டினாள், போனை வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டு, இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அடுத்த ஜூலையில் இர்மெலி லீவில் வந்ததும், "ஹில்லாவுக்குப் போகணும்," என்றாள் சாய்மி. டாக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். இர்மெலி ஒரு பேச்சுக்கு மறுத்துவிட்டு, கடைக்குப் போய்ச் சாசேஜ் வாங்கி வந்தாள். ஒய்வாதான் கார் ஓட்டினான். முன் சீட்டில் சாய்மி, பின்னால் இர்மெலியும் ஹெல்வியும், அவர்கள் மடியில் துணி சுற்றாத வெள்ளை வாளிகள். 

நெட்டை ஏரிக்குப் பிரிகிற இடம் வந்ததும், தைஸ்தோவின் வழக்கப்படியே ஒய்வா வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பப் போனான்.

"நேரா ஓட்டு," என்றாள் சாய்மி.

"நேராப் போனா சதுப்பு வாய்லதான் நிறுத்தணும். ரோட்டுல போற வர்றவன் அத்தனை பேரும் பாப்பான்."

"பாக்கட்டும். நாம எங்க இருக்கோமோ கார் அங்கதான் நிக்கணும்."

நேராக ஓட்டினான். ரோட்டோரத்தில், எந்தக் குருடனுக்கும் தெரிகிற மாதிரி காரை நிறுத்தினார்கள். சாய்மி ஒரு பக்கம் ஊன்றுகோலையும் மறுபக்கம் ஒய்வாவையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அரை கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஓடையில் ஒய்வா இரண்டு பலகை சேர்த்து ஆணியடித்துப் புதுப் பாலம் போட்டு வைத்திருந்தான். எப்போது வந்து போட்டான் என்று அவள் கேட்கவில்லை. ஊருக்கே இடம் தெரிந்து ஒரு வருஷம் ஆகியும் மேட்டுக்குப் பின்னால் ஒரு தண்டுகூட மிதிபடவில்லை. பழம் கொட்டிக் கிடந்தது.

பைன் மரத்தடியில் அவளை உட்கார வைத்தார்கள். அங்கே கரி படிந்த இடத்தில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது. வாய்விட்டு அழுதாள். ஹெல்வி அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். ஒய்வா முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து பறிக்கத் தொடங்கினான்.

இர்மெலி வாளியோடு முன்னால் போனாள். கொசுக்கள் மொய்த்தன. அவள் கத்தவில்லை. சின்னப் பிர்ச் மரங்களுக்கு அப்பால் அவளுடைய நீலச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. சாய்மி சீட்டியடிக்க உதட்டைக் குவித்தாள். குவித்த உதட்டைப் பிரித்து, சதுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"இர்மெலீ! எங்கடி இருக்க?"

ஒய்வா கையிலிருந்த பழத்தைத் தவறவிட்டு நிமிர்ந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கொக்குகள் எழும்பிப் போயின.

"இங்கதாம்மா இருக்கேன்!"